ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மாவை வைத்து ஒரு துப்பறியும் நாவல்: எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓய்வுபெற்ற பெண் போலீஸ் அதிகாரியை நாயகியாக வைத்து எழுத ஆரம்பிக்கும் பலர், இரண்டாவது அத்தியாயத்திலேயே அவரை மறுபடியும் டியூட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். எஸ்.பி. போன் செய்வார், "மேடம், இந்தக் கேஸை நீங்கதான் பார்க்கணும்" என்பார், அம்மா ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெற்றவர் என்பது நரைத்த முடியில் மட்டும்தான் தெரியும். எந்த எஸ்.பி.யும் இப்படிக் கூப்பிட மாட்டார். அதைவிடப் பெரிய நஷ்டம், கதைக்கு இருந்த ஒரே பலத்தையும் கையால் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

அவரால் யாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. செல்போன் டவர் விவரம் கேட்க முடியாது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் அவர் மேஜைக்கு வராது. இவ்வளவும் இல்லாமல் எப்படி உண்மையைத் தொடுகிறார் என்பதுதான் நாவல். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. விளக்குவதற்காக ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன். ஊர் சங்கரன்கோவில், நாயகி பெயர் கோமதி. ஊரும் கோவிலும் சட்டமும் நிஜம், ஆட்கள் கற்பனை.

1. பிறந்த தேதியிலிருந்து ஆரம்பியுங்கள்

குணம், நடை, கண்ணாடி எல்லாம் அப்புறம். முதலில் பிறந்த மாதமும் வருஷமும். அது இருந்தால் சர்வீஸ் முழுவதும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ்நாடு போலீஸில் பெண்கள் சேர்ந்தது 1973இல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள், அவ்வளவுதான். முதல் மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. சென்னைக்கு முதல் பெண் கமிஷனராக லத்திகா சரண் வந்தது 2006இல். 2010இல் அவரே டி.ஜி.பி. ஆனார். உங்கள் நாயகி இதில் எந்த இடத்தில் உள்ளே நுழைந்தார் என்பதைப் பொறுத்து, அவருக்கு மேலே ஒரு பெண் அதிகாரியாவது இருந்தாரா, ஸ்டேஷனில் அவருக்கென்று கழிப்பறை இருந்ததா என்பதெல்லாம் மாறும். முதல்வர் வரும் வழியில் பெண் போலீசாரை ரோட்டோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்ததே 2021இல்தான். அதற்கு முன்பு சர்வீஸ் பார்த்தவர் என்றால், வெயிலில் மணிக்கணக்காக நின்ற கால் அது. பந்தோபஸ்து நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய உடம்பு. இதை ஒரே ஒரு வரியில் எங்கேயாவது வையுங்கள், ஒரு பக்க வர்ணனையை அது மிச்சப்படுத்தும்.

ஓய்வு வயதில் கவனமாக இருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்தது, 2020 மே மாதம் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. 1962 ஏப்ரலில் பிறந்தவர் 2020 ஏப்ரலில் வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் பிறந்தவர் 2022 மே வரை இருந்தார். ஒரு மாத வித்தியாசத்துக்கு இரண்டு வருஷ சர்வீஸ். ஒரே பேட்ச் தோழிகள் இருவருக்கு நடுவே இந்தச் சின்னப் பொறாமையை வைத்தால், நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்று வாசகருக்குத் தெரியும்.

கோமதி 1963 ஜூனில் பிறந்தவர். 2023 ஜூன் 30 கடைசி நாள். கதை நடப்பது 2024 ஆடியில், ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆன பிறகு. பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. கடைத்தெருவில் இன்னமும் "இன்ஸ்பெக்டரம்மா" என்கிறார்கள். ஸ்டேஷனில் மட்டும் புது முகங்கள் கொஞ்சம் தயங்குகின்றன.

2. எந்த ஸ்டேஷனில் இருந்தார்?

பெரும்பாலானோர் 'கொலை வழக்குகளில் புலி' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் மகளிர் காவல் நிலையத்தைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது. கொலை நடந்தால் வழக்கு சட்டம்-ஒழுங்கு இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். மகளிர் நிலையத்துக்கு வருவது வரதட்சணை, கணவன் மனைவி தகராறு, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள். பெரும்பாலும் புகார் வாங்கி, சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது போட்டு, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவார்கள். அப்படி முப்பது வருஷம் இருந்தவருக்கு ரத்தக்கறை பற்றித் தெரியாது. ஒரு வீட்டுக்குள் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், மாமியார் இறந்த பிறகு யார் குரல் உயர்ந்தது என்பதெல்லாம் தெரியும். வீட்டுக்குள் நடக்கும் கொலைக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

இதில் ஒரு பழைய கடனும் ஒளிந்திருக்கிறது. 'பேசி அனுப்பிய' வழக்குகளில் ஏதோ ஒன்று தப்பாகப் போயிருக்கும். 1990களின் கடைசியில் முத்துலட்சுமி என்ற இளம்பெண், கணவன் சங்கரன் அடிக்கிறான் என்று புகார் கொண்டுவந்தார். அப்போது எஸ்.ஐ. ஆக இருந்த கோமதி இரண்டு வீட்டாரையும் வரவழைத்து, எழுதி வாங்கி, முத்துலட்சுமியைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பினார். அடி நின்றது. முத்துலட்சுமி அதன் பிறகு மாமனார் மாமியார் இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஊர்க் கோவிலின் ஆடித் தபசுத் திருவிழாவில் கோமதியைப் பார்த்தால் "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். கோமதிக்கு அது ஒரு வெற்றி. நாவல் முடியும்போது அது வெற்றியாக இருக்கக் கூடாது.

பதவி விஷயம்: இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் என்றால், அவர் காலத்துக் கணக்குப்படி 25 வருஷம் முடித்து எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) ஆகி அங்கேயே ஓய்வு பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஸ்பெக்டர் வேண்டுமானால் நேரடி எஸ்.ஐ. ஆகச் சேருங்கள்.

3. கொலையாளியின் கதையை முதலில் எழுதுங்கள்

நாவலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பு, கொலை செய்தவரின் பார்வையில் ஐந்தாறு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகப்போவதில்லை, நடை பற்றிக் கவலை வேண்டாம். தேதி மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் குடும்பக் கொலைக்குச் சொத்தைவிடப் பொருத்தமான காரணம் கிடைப்பது அரிது. ஆனால் 'சொத்துத் தகராறு' என்று நிறுத்திவிடாதீர்கள். சட்டம் எந்த நாளில் யார் கையை ஓங்கச் செய்தது என்று பாருங்கள், அங்கேதான் கதை கிடக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருஷம் ஓடியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

இப்போது சங்கரனின் அக்கா சண்முகத்தாயைக் கொண்டுவாருங்கள். கல்யாணம் 1986. அப்பா சுப்பையா இறந்தது 2004 தொடக்கத்தில். 1989 சட்டத்தில் இவருக்கு எதுவும் இல்லை, 2005இலும் 'அப்பா முன்னாடியே போயிட்டாரே' என்று வக்கீல்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 2020க்குப் பிறகுதான் கதவு முழுசாகத் திறக்கிறது. முப்பது வருஷம் கேட்காத அக்கா இப்போது ஏன் கேட்கிறாள் என்ற கேள்விக்கு உங்களிடம் தேதியோடு பதில் இருக்கிறது.

பங்கு கொடுக்க சங்கரனுக்குப் பாதி மனசு. கொலையாளி அவர் இல்லை, முத்துலட்சுமி. மாமனாரின் மலம் அள்ளியவருக்குச் சட்டம் ஒரு செங்கல்லும் தரவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை தபசுக்கு வந்து போன நாத்தனாருக்குச் சரிபாதி தருகிறது. இதில் யார் பக்கம் நியாயம் என்று வாசகர் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் காரணம் இன்னும் பழுக்கவில்லை.

அவர் செய்வது இது. பீரோவில் மாமனார் 2003இல் வேறு எதற்கோ வாங்கி எழுதாமல் விட்ட முத்திரைத்தாள் இருக்கிறது. பின்பக்கம் விற்றவர் முத்திரையும் தேதியும் மாமனார் பெயரும் அசல். அதில் 2003இல் குடும்பத்துக்குள் பாகம் பிரித்ததாக ஒரு கூர்ச்சீட்டு எழுதவைக்கிறார். சண்முகத்தாயின் வக்கீல், பதியாத கூர்ச்சீட்டை வைத்துக்கொண்டு தம்பி வீட்டார் இதில் ஜெயிப்பது கஷ்டம் என்று சொல்லிவிடுகிறார். தபசுக்கு வந்த சண்முகத்தாய், அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போவதோடு 'அந்தக் கையெழுத்தையும் டெஸ்டுக்கு அனுப்பப் போறேன்' என்கிறார். போலி ஆவணம்தான் கொலையை அவசியமாக்கியது என்பதைக் கவனியுங்கள். ஒரு குற்றம் அடுத்த குற்றத்தைப் பெற்றால் கதைக்குத் தானாக வேகம் வரும். இரண்டு குற்றமும் தனித்தனியாக நின்றால் நீங்கள்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் விடியற்காலை, கொல்லைக் கிணற்றில் சண்முகத்தாயின் உடல்.

4. போலீஸ் ஏன் தவறவிட்டது?

'போலீஸ் முட்டாள்' அல்லது 'போலீஸ் லஞ்சம் வாங்கியது' என்ற இரண்டு பதிலையும் விட்டுவிடுங்கள். முன்னாள் போலீஸ்காரரை நாயகியாக வைத்துக்கொண்டு இதை எழுதினால் அவரையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்துகிறீர்கள்.

நல்ல பதில், அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள் என்பது. ஊரே ஆடித் தபசுக் கூட்டத்தில் இருக்கிறது, ஸ்டேஷனில் பாராவுக்கும் ரைட்டருக்கும் மேல் ஆள் இல்லை. இறந்தவருக்கு 60 தாண்டிய வயது, சர்க்கரை வியாதி. புகார் கொடுத்தது சொந்தத் தம்பி, அவருக்கும் சந்தேகம் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும், இவருக்கு அது பொருந்தாது. மயக்கம் வந்து விழுந்திருக்கலாம் என்று சந்தேக மரணமாகப் பதிகிறார்கள்.

கோமதிக்கு மட்டும் ஒரு உறுத்தல். முழங்கால் வலியால் வாசல்படி ஏறவே கையைப் பிடிக்கச் சொன்ன பெண்மணி அவர். அந்தக் கிணற்றின் சுற்றுச்சுவர் இடுப்பு உயரம். இது ஆதாரம் இல்லை, உறுத்தல்தான். அந்த அளவிலேயே நிறுத்துங்கள். முதல் உறுத்தல் ரொம்பப் பலமாக இருந்தால் இருநூறு பக்கம் தேவையில்லை.

சட்டப் பிரிவுகளில் ஒரு வசதி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். சந்தேக மரணத்துக்கு 174 போய் 194 வந்தது, கொலைக்கு 302 போய் 103. கோமதி வாயில் இன்னும் "நூத்தி எழுபத்தி நாலு" என்றுதான் வரும். இளம் எஸ்.ஐ. "நூத்தித் தொண்ணூத்தி நாலும்மா" என்று மெதுவாகத் திருத்துவார். ஓய்வு என்றால் என்ன என்பதை இந்த ஒரு உரையாடல் சொல்லிவிடும். நீங்களாக உட்கார்ந்து விளக்க வேண்டாம்.

5. அவர் கைக்கு எட்டுகிறவற்றைப் பட்டியல் போடுங்கள்

எட்டாதவை ஏற்கெனவே தெரியும். எட்டுகிறவை நீங்கள் நினைப்பதைவிட நிறைய. எஃப்.ஐ.ஆர். நகலை, விலக்கு உள்ள வழக்குகள் தவிர, இணையத்தில் பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். எந்த மனை எப்போது யார் பெயரிலிருந்து யாருக்குப் போனது என்று அதில் இருக்கும். பட்டா விவரம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், பதில் வர 30 நாள் ஆகலாம், அந்தத் தாமதத்தையே கதைக்குக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மனிதர்கள். துக்க வீட்டுக்கு யாரையும் கேட்காமல் போகலாம். பத்து நாளும் போகலாம். காக்கிச் சட்டையோடு போயிருந்தால் கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள். இப்போது அடுப்படியில் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம். சர்வீஸில் இருந்தபோது கோமதிக்குக் கிடைக்காத இடம் அது.

ஒரு கண்டிப்பு. பழைய ஸ்டேஷன் நண்பர் ரகசியத் தகவல் கொடுக்கும் காட்சி நாவல் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் வரலாம். அந்த ஒரு தடவைக்கும் அவருக்கு ஒரு மெமோவாவது கிடைக்க வேண்டும்.

6. தடயத்தை இரண்டாக உடைத்து நடுங்கள்

ஒரு தடயத்தை முழுசாக ஒரே இடத்தில் வைத்தால் கூர்மையான வாசகர் பிடித்துவிடுவார். ஒளித்துவைத்தால் ஏமாற்றிவிட்டதாகத் திட்டுவார். இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் அந்த இடத்துக்கு இயல்பான செய்தியாக வைப்பதுதான் வழி.

நம் கதையில் முக்கியத் தடயம் கூர்ச்சீட்டின் நான்கெல்லை, அதாவது மனைக்கு நாலு பக்கமும் யார் யார் இடம் என்று எழுதும் பகுதி. முத்திரைத்தாள் அசல், தேதி அசல், ஆனால் எல்லை எழுதச் சொன்னபோது முத்துலட்சுமி இன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெயரைச் சொல்லிவிட்டார். கிழக்கு எல்லைக்காரர் அந்த மனையை வாங்கியது 2009இல். 2003இல் எழுதிய சீட்டில் அவர் பெயர் வர வழியே இல்லை.

முதல் துண்டு இரண்டாவது அத்தியாயத்தில். பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவரிடம், "நான் வந்து இடம் வாங்கினப்பவே சுப்பையா தாத்தா போய் அஞ்சு வருஷம் ஆயிட்டு" என்று போகிற போக்கில் சொல்கிறார். வாசகர் அதைத் தாத்தாவைப் பற்றிய செய்தியாக வாங்கிக்கொள்வார். இரண்டாம் துண்டு ஏழாவது அத்தியாயத்தில். கூர்ச்சீட்டை முழுசாக, பத்திர நடையிலேயே கொடுங்கள், நாலு எல்லையும் சேர்த்து. அதைப் படிக்கும்போதே சண்முகத்தாயின் மகள் குறுக்கிட்டு, "எங்க அம்மாவுக்கு ஒரு குண்டுமணி நகைகூட இல்லன்னு எழுதியிருக்காவ" என்று அழ வேண்டும். வாசகர் கண் அழுகைக்குப் போய்விடும். பதினான்காவது அத்தியாயத்தில் கோமதி வில்லங்கம் பார்க்கும்போதுதான் இரண்டும் சேரும்.

மாவட்டத்தின் பெயரை வைத்தும் விளையாடலாம். தென்காசி மாவட்டம் 2019இல்தான் பிரிந்தது, 2003 சீட்டில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பத்திரம் எழுதியவர் கட்டாயம் கவனித்திருப்பார். அவர் சரியாகத் 'திருநெல்வேலி' என்று எழுதியிருப்பதை கோமதி பார்த்து, சீட்டு அசல்தான் என்று ஒரு அத்தியாயம் நம்பட்டும். பொய்த்தடம் வேண்டும் என்று தனியாக ஒரு வில்லனைச் சேர்ப்பதைவிட இது கௌரவமானது.

7. சந்தேகத்துக்குரியவர்கள்

நான்கு பேர் போதும். சங்கரன், முத்துலட்சுமி, வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவைத்திருக்கும் புரோக்கர், பத்திரம் எழுதியவர். ஒவ்வொருவரும் கோமதியிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும், நால்வரின் பொய்க்கும் காரணம் வேறாக இருக்க வேண்டும். சங்கரன் அன்று இரவு குடித்ததை மறைக்கிறார், அவ்வளவுதான்.

8. பேச்சு

கோமதியை ஸ்டேஷனில் இளையவர்கள் "அம்மா" என்பார்கள், ஆண் அதிகாரிகளை "அய்யா" என்பது போல. நகரத்திலிருந்து மாறுதலாகி வந்த புது இன்ஸ்பெக்டர் "மேடம்" என்பார். அதில் மரியாதையும் இருக்கும், 'வெளியே இருங்கள்' என்பதும் இருக்கும். தெருவில் "கோமதியக்கா". முத்துலட்சுமி நாத்தனாரை "மைனி" என்பார். கோமதி நெருக்கமான நேரத்தில் முத்துலட்சுமியை "ஏட்டி" என்று கூப்பிடலாம், ஆனால் சந்தேகம் வந்த பிறகு அந்தச் சொல் நின்றுவிட வேண்டும். கொலையாளிக்கு 'அக்காவுக்குத் தெரிந்துவிட்டது' என்று புரிவது அந்த இடத்தில்தான்.

கதைசொல்லியின் நடையில் வட்டார வழக்கு வேண்டாம். உரையாடலிலும் "வாங்க, சாப்பிட்டியளா" அளவுக்கு மேல் போனால் சென்னை வாசகர் தடுமாறுவார்.

9. கடைசி: வாக்குமூலம் யாரிடம்?

இந்த வகை நாவலில் பலரும் கவனிக்காமல் விடும் புதையல் இங்கேதான் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. ஆனால் கோமதி இப்போது போலீஸ் அதிகாரி இல்லை. கைதாவதற்கு முன்பு, யாருடைய மிரட்டலும் ஆசைகாட்டலும் இல்லாமல் அவரிடம் சொல்லப்பட்டால் அது செல்லும். முப்பது வருஷ சர்வீஸில் அவரால் செய்ய முடியாத ஒன்றை ஓய்வு அவருக்குக் கொடுத்திருக்கிறது.

பலமான சாட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு ஆதாரத்தோடு சேர்ந்தால்தான் நிற்கும். நம் ஊர்க் கொலை வழக்குகளில் குற்றவாளி வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொண்டதாக வருவதும், 'முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் இவர் ஏன் சொல்ல வேண்டும்' என்று கோர்ட் கேட்பதும் பழைய கதை. அந்தக் கேள்விக்கு உங்கள் நாவல் முழுவதும் பதிலாக இருக்க வேண்டும். முத்துலட்சுமி ஏன் கோமதியிடம் சொல்கிறார்? ஏனென்றால் 'அன்னைக்கு நீங்கதான் என்னை இந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புனீங்க' என்று சொல்வதற்கு உலகத்தில் அவருக்கு வேறு ஆள் இல்லை.

ஆகவே எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் காட்சி வேண்டவே வேண்டாம். இரண்டு பெண்கள், ஒரு அடுப்படி, போதும். கோமதி கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதை அதிகம் எழுதுங்கள். அவர் ஒரு வார்த்தை மிரட்டினாலும், 'இன்னமும் போலீஸாகவே நடந்துகொண்டார்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார், அது கோமதிக்கும் தெரியும். கைது செய்யும் வேலையும் அவருடையது அல்ல. தன் கண்ணெதிரே நடக்கும் கடுமையான குற்றத்துக்குத்தான் தனிநபர் ஒருவரைப் பிடிக்கலாம், பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கோமதி நடந்துபோய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறார், ரைட்டர் எதிரே, புகார்தாரர்கள் உட்காரும் பெஞ்சில்.

தீர்ப்புவரை போகாதீர்கள். தமிழ்நாட்டில் கொலை வழக்கு முடிய வருஷக்கணக்கு ஆகும், வாசகர் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்.

10. எழுதுவதும் சரிபார்ப்பதும்

ஐம்பதாயிரம் சொற்களில் இந்தக் கதை அடங்கும். இருபத்தைந்து அத்தியாயம், தலா இரண்டாயிரம். மாத நாவல் அளவுக்குச் சுருக்க வேண்டுமானால் புரோக்கரை வெட்டுங்கள், கிழக்கு எல்லைக்காரரை வெட்டிவிடாதீர்கள்.

முதல் பிரதி முடிந்ததும் ஒரு நோட்டில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டே வரி: கோமதிக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன, யார் மூலமாகத் தெரிந்தது. 'தற்செயலாகக் காதில் விழுந்தது' இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அந்த அத்தியாயங்களைத் திரும்ப எழுதுங்கள்.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பெண் போலீஸ் ஒருவரிடம் கொடுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். "நீங்களா இருந்தா எந்த இடத்துல விட்டுட்டுப் போயிருப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தில்தான் கோமதி விடாமல் இருப்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும். வக்கீலிடம் கூர்ச்சீட்டும் வாக்குமூலமும் வரும் அத்தியாயங்களை மட்டும் கொடுங்கள். முழு நாவலையும் கொடுத்தால் வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார்.